குறியாக்கம் வேறு, மறையாக்கம் வேறு

மொரிசியஸின் ரோஸ் ஹில்லில் ஒரு மாலைக் கூட்டம். கைப்பேசி வலையமைப்புப் பாதுகாப்பில் ஆய்வு செய்யும் இளைஞர் ஒருவர் பேசினார். வந்தவர்களுக்கெல்லாம் பேச்சின் சுருக்கம் தமிழில் ஒரு தாளாகக் கிடைத்தது. அதில் ஒரு வரி: ‘கைப்பேசியில் பேசும் பேச்சு முதலில் குறியாக்கம் செய்யப்பட்டு, அதன்பின் குறியாக்கம் செய்யப்படுகிறது, இந்த வரிசையே பலவீனம்.’ என் பக்கத்திலிருந்த பெரியவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். “ஏன் தம்பி, ஒரே வேலையை எதற்கு இரண்டு தடவை செய்கிறார்கள்?” என்று கேட்டார். பேச்சாளர் விழித்தார். அவர் எழுதிக்கொடுத்த மூலத்தில் இரண்டு சொற்கள் இருந்தன: ஒன்று என்கோடிங், மற்றது என்க்ரிப்ஷன். தமிழாக்கியவர் இரண்டுக்கும் குறியாக்கம் என்றே போட்டுவிட்டார்.

என்க்ரிப்ஷனின் வேர் கிரேக்கத்து ‘கிரிப்டோஸ்’. மறைந்தது என்று பொருள். என்கோடிங்கில் இருப்பது ‘கோடு’, அதாவது குறி. பிறப்பிலேயே இரண்டும் வேறு. என்கோடிங்குக்குக் குறியாக்கம், என்க்ரிப்ஷனுக்கு மறையாக்கம் என்பதே என் கட்சி.    

குறியாக்கம் என்பது ஒன்றை வேறு குறிகளால் எழுதுவது. ‘அம்மா’ என்று தட்டினால் கணினி ஒருங்குறி (யூனிகோட்) அட்டவணைப்படி 2949, 2990, 3021, 2990, 3006 என்று வைத்துக்கொள்கிறது. அட்டவணை ஊருக்கே பொது. யார் வேண்டுமானாலும் திருப்பிப் படிக்கலாம். நம் மொரிசியஸ் ரூபாய்த் தாளில் தொகை தமிழ் எழுத்திலும் அச்சாகிறது. தமிழ் படிக்கத் தெரியாத மீன்காரர் அந்த எழுத்தை வாசிக்க மாட்டார். அதனால் அது இரகசியமாகிவிடுமா? மறையாக்கம் அப்படியல்ல. அங்கே திறவுகோல் வேண்டும், அதாவது உரியவருக்கு மட்டும் தெரிந்த இரகசிய எண். முறை எதிரிக்குத் தெரிந்திருந்தாலும் திறவுகோல் மட்டும் தெரியாமல் இருந்தால் போதும், அதுவே நல்ல முறை என்று 1883-இலேயே மறையாக்க அறிஞர் கெர்க்காஃப்ஸ் எழுதிவிட்டார். அட்டவணைக்கும் திறவுகோலுக்கும் உள்ள தூரத்தை ஒரே சொல்லால் மூடுவது எப்படித் தகும்?

எதிர்த்தரப்பு வாதங்கள் தெரியும். ‘என்க்ரிப்ஷனுக்கும் குறியாக்கம் என்பதே பரவிவிட்டது’ என்பது முதலாவது. தவறும்தான் பரவுகிறது. ‘மறை என்றால் வேதம், மறையாக்கம் என்றால் வேதம் இயற்றுவது போல் ஒலிக்கிறது’ என்பது இன்னொன்று. ‘மறை’ இரகசியம் என்ற பொருளில் குறளிலேயே இருக்கிறது: கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சொல்வதால் கயவர் அறையப்படும் பறை போன்றவர் என்கிறது 1076-ஆம் குறள். கைப்பேசி ஒட்டுக்கேட்பைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான வேர் எங்கே கிடைக்கும்? ‘மறைகுறியாக்கம்’ என்று சமரசம் பேசுகிறவர்களும் உண்டு. பொருளில் பிழையில்லை, நீளம்தான் தொல்லை. அவசரக்காரர் முதலில் வெட்டுவது முன்னால் நிற்கும் ‘மறை’யைத்தான். மீதி மறுபடியும் குறியாக்கம்.

அந்தத் தாளின் வரிக்குத் திரும்புகிறேன். 2003-இல் இஸ்ரேலின் டெக்னியன் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பார்க்கன், பிஹாம், கெல்லர் மூவரும் ஜி.எஸ்.எம். என்ற வலையமைப்பில் இயங்கும் கைப்பேசிகளின் ஏ5/2 என்ற மறையாக்க முறையை, மறையாக்கப்பட்ட தரவை மட்டும் வைத்தே நொடிப்பொழுதில் உடைக்கலாம் என்று காட்டினார்கள். எப்படி? வழியில் நேரும் பிழைகளைத் திருத்த வசதியாகப் பேச்சு முதலில் குறியாக்கம் செய்யப்படுகிறது. மறையாக்கம் அதற்குப் பிறகுதான். பிழைதிருத்தத்துக்காகச் சேர்த்த மிகைத் தரவுத் துணுக்குகள் உள்ளே இருப்பதை மறையாக்கம் முழுவதும் மறைக்கவில்லை. அதுவே உடைப்பவர்களுக்குப் பிடிமானம். ஆய்வின் உயிரே இந்த வரிசைதான். இரண்டுக்கும் ஒரு சொல் என்றால் இந்தக் கண்டுபிடிப்பைத் தமிழில் சொல்லவே முடியாது. பெரியவர் கேட்டது அறியாமையல்ல. மொழிபெயர்ப்பைக் கையும் களவுமாகப் பிடித்தது.

இங்கே பிரெஞ்சில் இத்துறையைப் படித்தவரைக் கேட்டால் ‘தெஷிஃப்ரே’ என்றால் திறவுகோல் கொண்டு திறப்பது, ‘தெக்ரிப்தே’ என்றால் திறவுகோல் இல்லாமல் உடைப்பது என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் உண்டு என்பார். மறையாக்கத்தைக் ‘கிரிப்தாஜ்’ என்று எழுதினால் முகம் சுளிக்கும் வாத்தியார்களும் இருக்கிறார்கள். நமக்கும் வழி எளிது: மறையாக்கம், மறைதிறப்பு, மறையுடைப்பு. உரியவன் திறக்கிறான், திருடன் உடைக்கிறான்.

சென்னையில் ஒரு பிள்ளை எப்படியும் ‘என்க்ரிப்ஷன்’ என்றே சொல்லிப் பழகும்; தமிழ்ச் சொல் தவறினாலும் பெரிய இழப்பில்லை. இங்கே வீட்டில் கிரியோல் பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளை சொல்லைப் பிய்த்துப் பார்த்துத்தான் பொருள் ஊகிக்கிறது. குறி, ஆக்கம் என்று பிய்த்தால் இரகசியம் எங்கே வரும்? சென்னையிலிருந்து அரிசி மூட்டை வந்தால் கல் பொறுக்கித்தான் உலையில் இடுகிறோம். சொல் வந்தால் மட்டும் அப்படியே கொட்டிக்கொள்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கான தாள் நேற்று வந்தது. கடவுச்சொற்களைச் சேமிக்கும் ‘ஹாஷ்’ பற்றிய பேச்சு. திறவுகோலே இல்லாத, திருப்பவே முடியாத ஒருவழிக் கணக்கு அது. தாளில் அதற்கும் ‘குறியாக்கம்’ என்றே போட்டிருக்கிறார்கள்.