உப்புமணலில் கருவி மௌனமானால்

யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் சிலரின் பெட்டியில் இப்போது மெட்டல் டிடெக்டரும் இருக்கிறது. கசூரினாக் கடற்கரையில் குளிக்கும்போது கழன்ற மோதிரத்தைத் தேட ஒருவர்; 1990இல் போரால் இடம்பெயர்ந்தபோது மயிலிட்டிக் கரையோர வளவில் புதைத்த நகையைத் தேட இன்னொருவர். நான் மிதிவெடி அகற்றுபவன். ஆகவே “மெசின் ஏன் கடற்கரையில் கத்திக்கொண்டே இருக்கிறது?” என்று என்னிடம் கேட்கிறார்கள்.

கருவியில் பழுதில்லை. கத்தவைப்பது உப்பு. கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும். அது ஊறிய மணலும் கடத்தும். விலை குறைந்த கருவிகள் பெரும்பாலும் ஒரே அதிர்வெண்ணில் இயங்குபவை. அவற்றுக்கு ஈரமணல் முழுவதும் விரித்துவைத்த உலோகத் தகடு போலத்தான். அலை ஏறி இறங்கும் இடத்தில் தொல்லை உச்சம், ஒரே வீச்சில் கருவியின் நுனியிலுள்ள கம்பிச் சுருள் காய்ந்த மணலையும் ஈரத்தையும் நீரையும் கடந்துவிடுவதால்.

பல்ஸ் இண்டக்‌ஷன் கருவி இன்னொரு வகை. அது ஒரு காந்தத் துடிப்பை அனுப்பி நிறுத்தும். ஏறத்தாழ பத்து மைக்ரோ விநாடி பொறுத்த பிறகே கேட்கும். உப்புநீரில் எழுந்த மின்னோட்டம் அதற்குள் அடங்கிவிடும், உலோகத்தில் எழுந்தது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். நல்ல உபாயம்தான். ஆனால் மெல்லிய தங்கச் சங்கிலியின் பதிலும் உப்பினுடையதைப் போலச் சீக்கிரமே அடங்குவது. உப்பைத் தள்ளினால் சங்கிலியும் சேர்ந்து போகும். இரும்பா, தங்கமா என்பதையும் இந்த வகைக் கருவி பெரும்பாலும் சொல்லாது.

பலரும் செய்வது உணர்திறனைக் குறைப்பது. சத்தம் அடங்கும், மனமும் அடங்கும். மோதிரம் தேடுபவருக்கு நட்டம் மோதிரம் மட்டுமே. எங்களுக்கு அப்படியல்ல. இங்கே புதைக்கப்பட்ட பி4, டைப் 72 மிதிவெடிகளின் உடல் பிளாஸ்டிக். உள்ளே உலோகம் மிகக் கொஞ்சம். அதனால் வேலை தொடங்குமுன், தெரிந்த ஆழத்தில் புதைத்த சோதனைத் துண்டை அதே மண்ணில் கருவி பிடிக்கிறதா என்று பார்க்கிறோம். பிடிக்காவிட்டால் அந்த நிலத்துக்கு அந்தக் கருவி உதவாது. கையால் அங்குலம் அங்குலமாக அகழவேண்டியதுதான். கடையில் வாங்கிய கருவியோடு வடமராட்சி கிழக்கின் நாகர்கோவில் பக்கம் நடந்து, “ஒன்றும் ஒலிக்கவில்லை, துப்புரவான இடம்” என்பவரை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும்.

ஒலித்தாலும் ஆபத்துதான். கடலில் கிடந்த எறிகணையில் துருவும் மணலும் சிப்பியும் இறுகிவிட்டால் அடையாளமே தெரியாது. உள்ளிருக்கும் வெடிமருந்தை உப்புநீர் செயலிழக்கச் செய்துவிடுமென்று நம்பவும் கூடாது. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கரையை அரிக்கும், காற்று மணல்மேட்டை நகர்த்தும். போன வருடம் ஆழத்தில் கிடந்தது இந்த வருடம் மேலே வரலாம்.

யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேதுக் காசு ஆசையில் தோண்டுபவர்களுக்கு: 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசுடைமை. அனுமதியின்றி அகழ்வது குற்றம்.

கசூரினா, சாட்டி போன்ற ஆட்கள் புழங்கும் கரைகளில் மோதிரம் தொலைந்தால், நீர்விளிம்புக்கு இணையாக நடந்து, சுருளை ஒரே உயரத்தில் வைத்து மெதுவாக வீசுங்கள். ஈரம் மாறாதவரை கூச்சல் குறையும். விழுந்த இடம் தெரிந்தால் சல்லடையே போதும். வடமராட்சி கிழக்கின் ஆளரவமற்ற மணற்பரப்புகளுக்குக் கருவியோடு போகவே வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள், படமெடுக்க நெருங்காதீர்கள். வந்த தடத்திலேயே திரும்பி பொலிஸ் அவசர எண் 119க்கு அழையுங்கள்.