அரிஹந்தில் எத்தனை ஏவுகணை என்பது இரண்டாவது கேள்வி

அணுசக்தி நீர்மூழ்கி பற்றிச் செய்தி வந்தாலே இரண்டு விஷயங்கள் குழம்பிவிடுகின்றன. கப்பலை ஓட்டும் அணு உலை வேறு, கப்பல் சுமக்கும் அணு ஆயுதம் வேறு. ரஷ்யாவிடமிருந்து 2012-இல் குத்தகைக்கு வந்த 'சக்ரா' அணு உலையில்தான் ஓடியது. ஆனால் அதில் அணு ஆயுதம் கிடையாது. எதிரிக் கப்பல்களைத் தேடிப் பிடிப்பதே அதன் வேலை. 2016-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த 'அரிஹந்த்' அப்படியல்ல, அணு உலையில் ஓடுவதோடு அணு ஏவுகணையும் சுமக்கும். அது யாரையும் தேடிப் போகாது. யார் கண்ணிலும் படாமல், குறிப்பாக யார் காதிலும் விழாமல் இருப்பதுதான் அதன் வேலை. அதனால் எவ்வளவு அமைதியாக ஓடுகிறது என்பதே முதல் கேள்வி.

காரணம், அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று 2003-இல் இந்தியா வெளியிட்ட கொள்கை. முதல் அடியை வாங்கிய பிறகும் திருப்பி அடிக்க ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும். விமானத்தளத்தைச் செயற்கைக்கோள் பார்த்துவிடும். கடலுக்கடியில் நகர்வதைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும்.

சிக்கலே அங்குதான். டீசல் நீர்மூழ்கி, பேட்டரியில் ஓடும்போது கிட்டத்தட்ட ஊமை. அணு உலைக்கு அந்தச் சலுகை இல்லை. உலையை நிறுத்தினாலும் எரிபொருள் சூட்டை உமிழ்ந்துகொண்டே இருக்கும். தணிக்கத் தண்ணீர் சுழல வேண்டும், அதற்குப் பம்ப் ஓட வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ வகைக் கப்பல்களில் மெதுவாகப் போகும்போது பம்ப் இல்லாமலே, சூடான நீர் மேலேறி ஆறிய நீர் கீழிறங்கும் இயல்பிலேயே சுழற்சி நடக்கும்படி வடிவமைத்தார்கள். அரிஹந்தின் 83 மெகாவாட் உலைக்கு முன்மாதிரியைக் கல்பாக்கத்தில் தரையிலேயே கட்டி, பல ஆண்டுகள் ஓட்டிப் பார்த்தார்கள். கப்பலுக்குள் உள்ள உலை 2013 ஆகஸ்டில்தான் இயங்கத் தொடங்கியது.

பம்பைவிடக் காட்டிக்கொடுப்பது கியர். உலையின் சூட்டில் உண்டாகும் நீராவியில் டர்பைன் படுவேகமாகச் சுற்றும், கப்பலைத் தள்ளும் ப்ரொப்பல்லரோ மெதுவாகச் சுற்ற வேண்டும். நடுவில் உள்ள கியரின் பற்கள் மோதும் ஒலி ஒரே சுருதியில் வரும். நீருக்கடியில் ஒலியைக் கேட்கும் கருவியான சோனாரில் தேர்ந்த காது அதைக் கைரேகை மாதிரிப் பிடித்துக்கொள்ளும். அதனால் இயந்திரங்களை உடற்கூட்டில் நேரடியாகப் பொருத்தாமல், ரப்பர் தாங்கிகள்மேல் மிதக்கும் பெரிய மேடையில் ஏற்றுகிறார்கள். ஆனால் எங்கோ ஒரு குழாயோ மறந்துவிட்ட ஸ்பானரோ மேடையையும் உடற்கூட்டையும் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், அதிர்வு அந்த வழியே கடலுக்குப் போய்விடும். கோடிகள் செலவழித்த ஏற்பாடு அங்கேயே வீண். ஒலியை அடக்க வெளியே ஒட்டிய ரப்பர் ஓடு ஒன்று உரிந்து படபடத்தாலும் இதே கதிதான். வேகத்தைக் கூட்டினால் ப்ரொப்பல்லரைச் சுற்றி நீராவிக் குமிழிகள் உருவாகி வெடித்து ஒலி எழுப்பும். ஆகவே ரோந்து என்பது நடை வேகம்தான்.

அமைதி எந்த அளவுக்குப் போய்விட்டது என்பதற்கு 2009 பிப்ரவரியில் நடந்ததே போதும். பிரிட்டனின் 'வான்கார்ட்', பிரான்ஸின் 'லெ திரியோம்ஃபான்' இரண்டும் அட்லாண்டிக் கடலடியில் மோதிக்கொண்டன. இரண்டுமே அணு ஏவுகணை சுமந்தவை. அத்தனை பெரிய கடலில் நேச நாட்டுக் கப்பல் பக்கத்திலேயே இருந்ததை, மோதலைத் தவிர்க்கும் அளவுக்கு இரண்டுமே அறியவில்லை. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

இனி ஏவுகணை. அரிஹந்தின் நான்கு செங்குத்துக் குழாய்களில் 750 கி.மீ. பாயும் கே-15 என்றால் 12, 3,500 கி.மீ. பாயும் கே-4 என்றால் 4. எண்ணிக்கையைப் பார்த்தால் முதலாவது லாபம் போலத் தோன்றும். ஆனால் 750 கி.மீ. என்றால் எதிரியின் கரையோரம் வரை போய் நிற்க வேண்டும். 3,500 கி.மீ. என்றால் வங்காள விரிகுடாவிலேயே இருந்துவிடலாம். எட்டும் தூரம் கூடக் கூட ஒளிய இடம் கூடுகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் அந்தக் கடலின் மேல்பரப்பில் உப்புக் குறைந்த அடுக்காகப் படிந்து ஒலியை வளைத்துவிடும். சோனாருக்கு அது எளிதான கடல் அல்ல.

ஏவும்போது வாயு அழுத்தம்தான் ஏவுகணையை நீருக்கு வெளியே தள்ளுகிறது. மோட்டார் பற்றுவது அதற்குப் பிறகு. காலியான குழாயில் உடனே கடல்நீர் நிரம்பும். அந்த எடை மாற்றத்தை ஈடுகட்டாவிட்டால் கப்பல் ஆழத்தில் நிலைகொள்ளாது, அடுத்த ஏவுகணையை ஏவ முடியாது. திட எரிபொருளை விரும்புவதற்கும் காரணம் உண்டு. 1986 அக்டோபரில் பெர்முடா அருகே சோவியத்தின் கே-219 நீர்மூழ்கியின் ஏவுகணைக் குழாய்க்குள் கடல்நீர் கசிந்தது. உள்ளே இருந்தது திரவ எரிபொருள் ஏவுகணை. வெடிப்பு நேர்ந்தது, சில நாளில் கப்பலே மூழ்கியது.

கட்டளை எப்படிப் போய்ச் சேரும்? சாதாரண ரேடியோ அலையை உப்புநீர் உடனே விழுங்கிவிடும். 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் சுமார் 20 மீட்டர் ஆழம் வரை இறங்கும். அலைநீளமே பத்து கி.மீ.க்கு மேல் என்பதால், அனுப்பும் ஆன்டெனாவுக்கு வானுயரக் கோபுரங்களும் ஏக்கர் கணக்கில் நிலமும் வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐஎன்எஸ் கட்டபொம்மன் அதற்கான நிலையம்தான். இந்த அலையில் குரலோ படமோ போகாது; சுருக்கமான குறியீடுகள் மட்டும், அதுவும் மெதுவாக. நீர்மூழ்கி நீண்ட கம்பியை மேல்மட்டம் நோக்கி மிதக்கவிட்டுக் கேட்டுக்கொள்ளும். பதில் சொன்னால் இருக்குமிடம் தெரிந்துவிடும் என்பதால் ரோந்தில் வாய் திறக்காது. செய்தி சேர்ந்ததா என்று கரையில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. அதனால் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.