பூனை ரத்தத்தில் பாடபேதம்

பர்மிய மொழியில் பூனைக்கும் புத்த மடத்துக்கும் சொல் ஏறக்குறைய ஒன்றுதான்: 'சௌங்'. குரலைத் தாழ்த்திச் சொன்னால் பூனை, ஏற்றி இழுத்தால் மடம். யாங்கூனுக்குப் புதிதாக வரும் நம் ஆட்கள் இதில் ஒருமுறையாவது மாட்டிக்கொள்வார்கள். மடங்களில் பூனைக்குப் பஞ்சமும் இல்லை. அப்படி ஒரு மடத்துக் குட்டிதான் எங்கள் மாடிப்படிக்கும் வந்து சேர்ந்தது.

செய்தித்தாளையும் காய்கறியையும் மேலே இழுக்க மாடிகளிலிருந்து தெருவரை தொங்குமே, கிளிப் மாட்டிய கயிறு, அதுதான் அதற்கு விளையாட்டுச் சாமான். கயிற்றைப் பிடுங்கப் போன மூன்றாம் மாடிப் பையனின் கையில் ஒரு பிறாண்டல். இரண்டு வாரம் கழித்து அக்குளில் எலுமிச்சை அளவு வீக்கம், லேசாகக் காய்ச்சல். "நெறி கட்டியிருக்குடா, கையில எங்க காயம்?" என்று பாட்டி திருப்பிப் பார்த்தார். ஆறிய கோட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கொப்புளம். டாக்டரும் முதலில் கேட்டது பூனையைத்தான்.

இந்தப் பூனைப் பிறாண்டல் காய்ச்சலை 1950-இல் பிரான்ஸில் ராபர்ட் டெப்ரே விவரித்தார். பூனை அன்றே பிடிபட்டது, கிருமி பிடிபடவில்லை. இடையில் அஃபிபியா ஃபெலிஸ் என்ற வேறொரு பாக்டீரியாமீது பழி விழுந்தது. உண்மையான ஆளுக்கு 1992-இல்தான் பெயர் கிடைத்தது. இன்றைய பெயர் பார்டொனெல்லா ஹென்செலே.

ஆனால் பூனையின் நகத்தில் இந்தக் கிருமி தானாக விளைவதில்லை. ஒரு வெள்ளைத் தாளை நனைத்து வைத்துக்கொண்டு அதன்மேல் பூனையைச் சீவிப் பாருங்கள். மிளகுத்தூள் போல் கறுப்புப் பொட்டுகள் விழும். மண்ணாக இருந்தால் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளுப்பூச்சியின் கழிவாக இருந்தால் சுற்றிலும் செம்பழுப்பாகக் கரையும். அது செரித்த பூனை ரத்தம். கிருமி அதற்குள் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். பூனை சொறிகிறது, கழிவு நகத்தில் ஏறுகிறது, அந்த நகம் நம் தோலைக் கிழிக்கிறது. தெள்ளே இல்லாத இடத்தில் நோயுள்ள பூனையையும் இல்லாத பூனையையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள், தொற்றவில்லை. தெள்ளை எடுத்து மாற்றி விட்டதும் தொற்றியது.

பூனைக்கோ பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கிருமி சிவப்பணுக்குள்ளேயே குடியேறி மாதக்கணக்கில் தங்கிவிடும். ரத்தத்தில் அதன் எண்ணிக்கை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கம் எனக்கு ஓலைச்சுவடியை நினைவூட்டுகிறது. கிருமி பெருகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 19 லட்சம் எழுத்துள்ள ஒரு சுவடியை, அதாவது தன் மரபணுத் தொகுதியை, படியெடுக்கிறது. எங்காவது எழுத்துப் பிசகும், அதுதான் பாடபேதம். பூனையின் எதிர்ப்பாற்றல் பழைய படியை அடையாளம் கண்டு அழிக்கும்போது, பாடபேதம் உள்ள படி தப்பிக்கும். ஆக, ஒரே பூனைக்குள் ஒரே வகையின் சற்றே வேறான பல படிகள் சேர்ந்து வாழ்கின்றன.

சில இடங்களில் பிசகு அதிகம். இந்தக் கிருமியின் மேனியில் மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும் பேட்-ஏ என்ற புரதம்தான் மனித ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்ட உதவுகிறது. மூவாயிரத்துக்கு மேல் அமினோ அமிலம் கொண்ட ராட்சசப் புரதம். அதன் தண்டுப் பகுதி ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வருவது. பல்லவி திரும்பி வரும் பாட்டைப் படியெடுக்கும்போது கண் ஒரு பல்லவியிலிருந்து அடுத்ததற்குத் தாவி நடுவில் இருப்பதை விட்டுவிடுமே, அதேதான் இங்கேயும். வகைக்கு வகை தண்டின் நீளம் மாறுகிறது.

ஆய்வகத்தில் முழுச் சுவடியையும் ஒவ்வொரு தடவையும் படிப்பதில்லை. எட்டு மரபணுக்களை மட்டும் எடுத்து ஒவ்வொன்றிலும் எந்தப் பாடம் என்று எண் போடுகிறார்கள். எட்டு எண்ணும் சேர்ந்தது அந்த வகையின் முகவரி. அதைவிட எளிய பழைய பிரிப்பு ஒன்று உண்டு, ஊர்ப் பெயர் வைத்த இரண்டு வகை: ஹூஸ்டன், மார்செய். செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமுக்கான மரபணு ஒன்றில் சில எழுத்து வித்தியாசம், அவ்வளவே. மேற்கு ஐரோப்பியப் பூனைகளில் மார்செய் மிகுதி. ஜப்பான், பிலிப்பைன்ஸ் பூனைகளில் ஹூஸ்டன்.

சரி, படியெடுப்பில் வரும் பிசகு மட்டும் என்றால் வம்சாவளி போடுவது சுலபம். இங்கே ஏடு கலப்பதும் நடக்கிறது. எப்போதோ இந்தக் கிருமியைத் தாக்கிய வைரஸின் கூடு இன்னும் அதன் வசம் இருக்கிறது. அந்தக் கூட்டில் வைரஸின் சரக்கு கிடையாது. கிருமியின் சொந்த மரபணுவில் அகப்பட்ட ஏதோ ஒரு துண்டு, சுமார் 14,000 எழுத்து, அடைபட்டு இன்னொரு பார்டொனெல்லாவுக்குப் போகிறது. அனுப்பிய செல் வெடித்துச் சாகிறது. இரண்டு பூனைகளைக் கடித்த ஒரு தெள்ளின் குடல் இதற்கு எவ்வளவு தோதான இடம்! இரண்டு சுவடிக் கட்டும் ஒரே மேசையில்.

இத்தனை வகை பூனைகளில் சுற்றினாலும், நோயாளிகளிடமிருந்து எடுத்தவற்றில் சில முகவரிகளே திரும்பத் திரும்ப வருகின்றன. பூனையிடம் கிருமி இருக்கிறதா என்பதைவிட எந்தப் பாடம் இருக்கிறது என்ற கேள்விதான் பயனுள்ளது. எச்ஐவி போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு இது வெறும் நெறியோடு நிற்காது. தோலில் ரத்தக்குழாய்க் கட்டிகளே முளைக்கும்.

பையனின் வீக்கம் ஒன்றரை மாதத்தில் தானாக அமுங்கியது. குட்டிக்குத் தெள்ளு மருந்து போட்டாயிற்று. ஞாயிறுதோறும் ஈரத் தாள் விரித்துச் சீவுவது இப்போது பையனின் வேலை. போன வாரம் விழுந்தவை மூன்று பொட்டு, இரண்டு கரையவில்லை.