மஞ்சள் விளக்கு எரிந்ததும் சென்சாரை மாற்றாதீர்கள்

சென்ற மாதம் ஓர் ஆசிரியர் தம் பெட்ரோல் காரை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். டேஷ்போர்டில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு வாரங்களுக்கு முன்பு வேறோர் இடத்தில் ஸ்கேன் செய்துவிட்டு, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் 'ஆக்சிஜன் சென்சார்' போய்விட்டதாகச் சொல்லிப் புதிது பொருத்தியிருக்கிறார்கள். மூன்றாம் நாளே விளக்கு மறுபடி எரியத் தொடங்கிவிட்டது. பழைய சென்சாரைச் செய்தித்தாளில் சுற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

ஸ்கேனரைச் செருகினேன். பி0171 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. எரிபொருளுக்குத் தக்க அளவைவிடக் காற்று மிகுந்திருக்கிறது என்பதே இதன் பொருள். அந்த மிகுதியைக் கண்டு சொன்னது ஆக்சிஜன் சென்சார். தூது வந்தவனையே தண்டித்திருக்கிறார்கள்.

குறியீடு எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. காரின் கணினி எதைத் தவறாகக் கண்டது என்பதை மட்டுமே சொல்கிறது. இதைப் புரிந்துகொண்டால், சோதனையின் முதல் பாதியை நீங்கள் வீட்டிலேயே செய்துவிடலாம். பாரத் ஸ்டேஜ் 4 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட கார்களுக்கு, கோளாறுகளைத் தானே பதிந்துவைக்கும் ஓபிடி-2 அமைப்பு 2013 ஏப்ரல் முதல் கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு அருகில் 16 ஊசிகள் கொண்ட இணைப்பு இருக்கும். புளூடூத் கருவி ஒன்றை அதில் செருகி, சாவியைத் திருப்பினால் கைப்பேசியிலேயே குறியீட்டைப் படிக்கலாம். பி0 என்று தொடங்கும் குறியீடுகள் எல்லா நிறுவனங்களுக்கும் பொது. பி1 என்று தொடங்குபவை பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை; அவற்றுக்கு இணையத்தில் பார்த்த பொருளை நம்பிவிடாதீர்கள்.

குறியீட்டோடு நின்றுவிடாமல் 'ஃப்ரீஸ் ஃபிரேம்' என்ற பகுதியையும் திறந்து பாருங்கள். கோளாறு பதிவான நொடியில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் ஓடியது, எவ்வளவு சூடாக இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். குறியீட்டை அழித்தால் இதுவும் போய்விடும். பேட்டரி வயரைக் கழற்றி விளக்கை அணைப்பவர்கள் பெரும்பாலும் இந்தத் தடயத்தையும் சேர்த்தே அழிக்கிறார்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தரும் பழக்கம் இது. முதலில் திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

ஆசிரியரின் காரில் நான் அடுத்துப் பார்த்தது 'ஃப்யூயல் டிரிம்', அதாவது கணினி தானாகக் கூட்டிக் குறைக்கும் எரிபொருள் அளவு. வண்டி நின்றபடி ஓடுகையில் 22 விழுக்காடு கூடுதல் காட்டியது. ஆக்சிலேட்டரை மிதித்து 2500 சுற்றுக்குக் கொண்டுபோனதும் 4 விழுக்காட்டுக்கு இறங்கியது. எரிபொருள் வரத்துக் குறைவாக இருந்தால் வேகம் கூடும்போது நிலைமை மோசமாகும். இங்கே அதற்கு நேர்மாறு. எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் மானிக்குப் பின்னால் எங்கோ காற்று கள்ளத்தனமாக நுழைகிறது. ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து, சுழலும் பெல்ட்டுக்கு விலகி நின்று, மறுமுனையால் தேடினேன். காற்று இழுக்கும் 'ஸ்ஸ்' ஓசை ஒரு வளைகுழாயின் அடிப்பக்கத்தில் கேட்டது. எஞ்சினை நிறுத்திக் குழாயை மடக்கிப் பார்த்தபோதுதான் நகக்கீறல் போன்ற அந்த விரிசல் வாய் திறந்தது. குழாயை மாற்றியதும் விளக்குக் கோளாறு தீர்ந்தது. கசிவைக் கண்டுபிடிக்கச் சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைத் தெளிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

பி0301 வந்தால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் 'இக்னிஷன் காயில்' தனியாக இருந்தால், எஞ்சின் ஆறிய பிறகு முதலாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றுங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில்தான் காரணம். மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் என்று தேடலாம். பி0420 என்றால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று கணினி கருதுகிறது; அது வந்தவுடன் புதிய கன்வெர்ட்டருக்கு விலை கேட்கத் தேவையில்லை. புகைபோக்கிக் குழாயில் கசிவு இருந்தாலும் அது வரலாம்.

விளக்கு நிலையாக எரிந்து வண்டி இயல்பாக ஓடினால் மெதுவாக ஓட்டி வரலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிவிடக்கூடும். எண்ணெய், வெப்பநிலைக்கான சிவப்பு விளக்குகளுக்கும் உடனே நிறுத்த வேண்டியதுதான்.

பட்டறையில் ஒரு பாகத்தை மாற்றச் சொன்னால், எதை அளந்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். என்னிடம் அப்படிக் கேட்பவர்களுக்கு நான் ஸ்கேனர் திரையைத் திருப்பிக் காட்டுகிறேன்.