மூச்சுப் பயிற்சியில் கை தானாக முத்திரை பிடிப்பது ஏன்?

தியான வகுப்பில் வேகமாக மூச்சு விட்டபோது உதட்டைச் சுற்றி ஊசி குத்தியதாகவும், விரல்கள் தானாகவே முத்திரை போலக் குவிந்ததாகவும், அது குண்டலினி எழுந்ததற்கு அடையாளம் என்று குருஜி சொன்னதாகவும் எழுதி, இது உண்மையா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

விரல் குவிந்தது உண்மை. காரணம் கால்சியம்.

வேகமாக மூச்சு விட்டால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. ரத்தத்தில் அது ஏற்கெனவே கிட்டத்தட்ட நிறைந்துதான் இருக்கிறது. குறைவது கார்பன் டை ஆக்சைடு. அது குறைந்தால், ரத்தம் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று காட்டும் பி.எச். அளவு, வழக்கமான 7.4இலிருந்து ஏறி, ரத்தத்தின் காரத்தன்மை கூடும். இதுவரை பள்ளிப் பாடம்தான்.

அப்புறம் நடப்பதுதான் அழகு. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் உண்டு. அதன்மேல் உள்ள எதிர்மின் இடங்களில் ஹைட்ரஜன் அயனிகளும் கால்சியம் அயனிகளும் ஒட்டியிருக்கும். காரத்தன்மை கூடியதும் ஹைட்ரஜன் விலகும். தனியாகத் திரிந்த கால்சியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்திலுள்ள மொத்தக் கால்சியம் அப்படியேதான் இருக்கிறது, நரம்புக்குக் கிடைப்பதுதான் குறைந்துவிட்டது. நரம்புச் சவ்வில் சமிக்ஞையைத் தொடங்கிவைக்கும் சோடியம் வாயில்கள் சட்டென்று திறந்துவிடாமல் அடக்கி வைப்பது வெளியே இருக்கும் இந்தக் கால்சியம்தான். அது குறைந்ததும் நரம்புகள் தாமாகவே சமிக்ஞை அனுப்ப ஆரம்பிக்கும். உதடும் விரல்நுனியும் குறுகுறுக்கும். மணிக்கட்டு மடங்கி, விரல்கள் நீண்டு குவிந்து, கட்டைவிரல் உள்ளே போகும். பார்ப்பதற்கு முத்திரையேதான்! கூடவே மூளையின் ரத்தக் குழாய்களும் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கும், சுற்றியிருப்பதெல்லாம் கனவு போலத் தோன்றும். மூச்சு சீரானால் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகிவிடும்.

ஆபத்து, அந்தச் சில நிமிடங்களில் பக்கத்தில் இருப்பவர் சொல்லும் விளக்கத்தில் இருக்கிறது. உடம்பு உணர்ந்ததை யாரும் மறுக்க முடியாது; அதனால் அதற்குச் சொன்ன காரணத்தையும் சேர்த்தே நம்பிவிடுகிறோம். ஜப்பானில் ஷோகோ அசஹாரா 1984இல் தொடங்கிய யோகா வகுப்பு இப்படித்தான் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்குழு ஆனது. அங்கே சேர்ந்தவர்களில் அறிவியல் பட்டதாரிகள் உண்டு. யோக அனுபவத்தோடு தூக்கக் குறைவு, அரைப்பட்டினி, எல்எஸ்டி என்ற போதைப்பொருள் எல்லாம் சேர்ந்தன. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷத்தைப் பரப்பியது அந்த அமைப்புதான்.

எல்லா வகுப்பும் அப்படிப் போவதில்லை. தியானம் பலருக்கு நிம்மதி தருகிறது. ஆனால் 83 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான மதிப்பாய்வு ஒன்று, தியானம் செய்தவர்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குப் பாதகமான விளைவுகள் இருந்ததாகக் கணக்கிட்டது. பதற்றமும் மனச்சோர்வும்தான் அதிகம். தியானத்தின் நன்மையைத் தேடும் ஆய்வுகள் பல, “ஏதாவது கெடுதல் நேர்ந்ததா?” என்று கேட்பதுகூட இல்லை. பொதுப்பணத்தில் நடக்கும் ஒவ்வொரு தியான ஆய்விலும் அந்தக் கேள்வி கட்டாயமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

“பயமாக இருக்கிறது” என்று நீங்கள் சொல்லும்போது பயிற்சி தருபவர் நிறுத்தச் சொல்கிறாரா, “அகந்தைதான் தடுக்கிறது, இன்னும் ஆழமாகப் போ” என்கிறாரா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வகுப்புக்குப் பிறகு நாள்கணக்கில் தூக்கம் வராவிட்டாலோ, குரல்கள் கேட்டாலோ மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். என்ன பயிற்சி, தினம் எத்தனை மணி நேரம், வழக்கமான மாத்திரை எதையாவது நிறுத்தச் சொன்னார்களா என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.