காஸாவுல ரெண்டு சொட்டு மருந்துக்காக நிறுத்தின சண்டை

குழந்தைக்கு தடுப்பூசி போட வர்ற அம்மா அப்பாக்கள் சிலர் கேக்கறாங்க, "டாக்டர், காஸாவுல சொட்டு மருந்தாலயே போலியோ வந்துச்சாமே, அப்ப நம்ம புள்ளைக்கு குடுக்கலாமா?"ன்னு. வாட்ஸ்அப்ல பாதி விஷயம்தான் சுத்துது. மீதியையும் சொல்லிடறேன்.

சொட்டு மருந்துல இருக்கறது பலவீனப்படுத்தின வைரஸ். அது குழந்தையோட குடல்ல கொஞ்ச நாள் இருந்துட்டு மலத்துல வெளிய வரும், சுத்தி இருக்கற எல்லா குழந்தைங்களும் மருந்து எடுத்திருந்தா அதோட கதை முடிஞ்சுது. எடுக்காத குழந்தைங்க நிறைய இருக்கற எடத்துல, அதுவும் சாக்கடை திறந்து ஓடற எடத்துல, அது ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குன்னு மாசக்கணக்கா சுத்தி பழைய பலத்தை திரும்ப எடுத்துக்கும். அதனால பயப்பட வேண்டியது மருந்து குடுக்காம விடறதுக்குத்தான். காஸாவுல வந்தது இப்படி மாறின டைப் 2ங்கற வகை போலியோ வைரஸ். 2016 ஏப்ரல்ல இருந்து நம்ம ஊர் வழக்கமான சொட்டு மருந்துல டைப் 2 கிடையாது, அதுக்கான பாதுகாப்பு ஊசில கிடைக்குது, ரெண்டையும் தவறாம போடுங்க.

போருக்கு முன்னாடி பாலஸ்தீனப் பகுதிகள்ல 99 சதவீத குழந்தைங்களுக்கு போலியோ மருந்து போயிட்டிருந்துச்சு. 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதல்ல இஸ்ரேல்ல சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டாங்க, 251 பேரை பிணையாளிகளா கொண்டு போனாங்க, அதுக்கப்புறம் நடந்த போர்ல காஸாவுல பல்லாயிரக்கணக்கான ஜனங்க செத்தாங்க, ஆஸ்பத்திரிங்க நொறுங்கிச்சு, கழிவுநீர் சுத்திகரிப்பு நின்னுச்சு, கூடாரங்களுக்கு நடுவுல சாக்கடை தேங்குச்சு. 2024 ஜூன் கடைசில காஸாவோட கான் யூனிஸ், தேர் அல் பலாஹ் ஊர்கள்ல எடுத்த 7 கழிவுநீர் சாம்பிள்ல 6ல வைரஸ் இருந்துச்சு. ஆகஸ்ட்ல, ஒரு சொட்டு கூட போடாத 10 மாசக் குழந்தைக்கு இடது கால் செயலிழந்து போச்சு. 25 வருஷத்துல அங்க முதல் கேஸ். ஒரு கால் விழுந்திருக்குன்னா வெளிய தெரியாம நூத்துக்கணக்கான குழந்தைங்க வயித்துல அது இருக்குன்னு அர்த்தம்.

இஸ்ரேல் ராணுவம் ஜூலைலயே தன்னோட வீரர்களுக்கு மருந்து போட ஆரம்பிச்சுடுச்சு. இந்த பயம் அவங்களுக்கும் புதுசில்ல, 2013ல தெற்கு இஸ்ரேல்ல ராஹத் ஊர் கழிவுநீர்ல போலியோ வைரஸ் கண்டுபிடிச்சு 9 லட்சத்துக்கும் மேல குழந்தைங்களுக்கு சொட்டு மருந்து குடுத்தாங்க, அதே வைரஸ் அப்ப மேற்குக் கரையிலயும் காஸாவுலயும் இருந்துச்சு. சுவர் கட்டலாம், வேலி போடலாம், ஆனா நிலத்தடியிலயும் கடல்லயும் கலக்கற தண்ணி ரெண்டு ஜனங்களுக்கும் ஒண்ணுதான்.

அதனாலதான், வேற எதுக்கும் லேசுல ஒத்துக்காத இஸ்ரேலும் ஹமாஸும் 2024 செப்டம்பர் 1ல ஆரம்பிச்ச சொட்டு மருந்து முகாமுக்கு ஒத்துக்கிட்டாங்க. காஸாவை மூணு பகுதியா பிரிச்சு முதல்ல நடுப்பகுதி, அப்புறம் தெற்கு, கடைசில வடக்கு, ஒவ்வொண்ணுலயும் தினமும் காலைல இருந்து மதியம் தாண்டற வரைக்கும் சண்டையை நிறுத்தி வைக்கணும். பேச்சு நடத்தினது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும், பெரும்பாலும் மருந்து குடுத்தது அந்த ஊர் ஊழியர்கள்தான், அவங்கள்லயே பல பேர் வீடு இழந்தவங்க. நம்ம ஊர் பூத் மாதிரியேதான், ஐஸ் பெட்டில குப்பி, சூடு பட்டா குப்பி மேல இருக்கற சின்ன கட்டம் கருத்துடும், கருத்தா தூக்கிப் போட்டுடணும், மருந்து குடுத்ததும் குழந்தையோட விரல்ல மை. கரண்ட் இல்லாத ஊர்ல, உடைஞ்ச ரோட்டுல, 12 நாள்ல சுமார் 5 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைங்க. பூத் வேலை தெரிஞ்சவங்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம்னு புரியும்.

இதைப் பார்த்து சமாதானம் பக்கத்துல வந்துடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அக்டோபர்ல ரெண்டாவது சுற்று வடக்குல குண்டுவீச்சால தள்ளிப் போச்சு, நவம்பர்ல திரும்ப ஆரம்பிச்சப்ப மருந்து குடுத்துட்டிருந்த ஒரு சுகாதார நிலையமே தாக்கப்பட்டு குழந்தைங்க காயப்பட்டாங்க. ஜெருசலேம் யாருக்கு, யூதக் குடியேற்றங்கள் என்ன ஆகும், அகதிங்க திரும்பலாமா, எல்லை எங்க, இதையெல்லாம் இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைவர்களும் போட்ட 1993 ஓஸ்லோ ஒப்பந்தத்துல பின்னாடி பேசிக்கலாம்னு வச்சாங்க, இன்னிக்கு வரைக்கும் அது அப்படியே கெடக்குது. ஆனா முடியவே முடியாதுன்னு சொல்றவங்ககிட்ட நான் இந்த 12 நாளைத்தான் காட்டுவேன். எந்த எடம், எத்தனை மணி நேரம், எந்த ரோடு, யார் மேற்பார்வைன்னு எழுதி வச்சு பேசினப்ப பெரும்பாலான எடத்துல துப்பாக்கி நின்னுச்சு. அந்த அளவுக்கு துல்லியமா மீதி விஷயத்தையும் பேச ஆள் வேணும், அதை கண்காணிக்க ரெண்டு பேரும் நம்பற மூணாவது தரப்பு வேணும்.

2025 பிப்ரவரில போர்நிறுத்தம் இருந்தப்ப நடந்த மூணாவது சுற்றுல 6 லட்சத்துக்கும் மேல குழந்தைங்க வந்தாங்க, முன்னாடி எட்ட முடியாத வடக்குப் பகுதிகள்ல இருந்தும். அடுத்த மாசமே, மார்ச் 18ல, போர் திரும்ப ஆரம்பிச்சுது. அதே வருஷம் அக்டோபர்ல வந்த புது போர்நிறுத்தத்துக்கு அப்புறம் நான் பேப்பர்ல தேடறது தலைவருங்க கை குலுக்கற படத்தை இல்ல, எல்லை வழியா ஊசியும், ஃப்ரிட்ஜும், கழிவுநீர் பம்ப்புக்கான பாகங்களும், டீசலும் உள்ள போகுதாங்கறதைத்தான்.