சாயக் கூலி குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். புது ஆர்டருக்கான காஸ்டிங் ஷீட்டில், அதாவது அடக்கவிலைக் கணக்கில், நூல், நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று வரிசையாக விலை இருக்கும். என் கண் முதலில் போவது சாயக் கூலிக்கு. நூல் விலை ஊருக்கே தெரியும், தையல் கூலியிலும் பெரிதாக விளையாட முடியாது. சாயக் கூலி மட்டும் ஊர் நிலவரத்தைவிடக் கிலோவுக்குப் பத்து, பதினைந்து ரூபாய் குறைந்திருந்தால், அந்தப் பத்து ரூபாயை வேறு யாரோ கட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

எப்படி என்றால், பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு நிறையப் போடவேண்டும். அடர் நிறத்துக்கு இன்னும் அதிகம். துணி அந்த உப்பை எடுத்துக்கொள்ளாது. அது அப்படியே கழிவுநீரில் வந்துவிடும். நிறத்தையும் அழுக்கையும் சாதாரணச் சுத்திகரிப்பிலேயே ஓரளவு எடுத்துவிடலாம், உப்பு போகாது. ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கினால்தான் உப்பு தனியாக வரும். அந்தத் தண்ணீரும் உப்பும் திரும்பச் சாயப்பட்டறைக்கே போகும். கரண்டும் விறகும் தின்னுகிற வேலை இது. பில்லில் சாயக் கூலிக்குள் இந்தச் செலவும் இருக்கவேண்டும்.

இந்தச் செலவு பில்லில் இல்லாத காலத்தில் என்ன ஆனது என்பதை, திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் கரையில் கேட்கலாம். பாசனத்துக்காக அந்த ஆற்றில் 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. அணையை நம்பியிருந்த ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்பதை வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி படிப்படியாக உயர்ந்து 10 பைசா வரை அபராதம் விதித்தது. கணக்குப் பார்க்கிறவன் கண்ணுக்கு இது முக்கியமான விஷயம்: ஆறு அழிவது அப்போதுதான் லெட்ஜரில் ஓர் எண்ணாக ஏறியது. ஆனால் ஒரு லிட்டரை உப்பு வரை பிரித்தெடுக்க ஆகும் செலவு 10 பைசாவைத் தாண்டும். அபராதம் மலிவு, சுத்திகரிப்பு விலை அதிகம் என்றால் யாபாரி எதைத் தேர்ந்தெடுப்பார்? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு ஒழுங்காக மாறியது அதற்கப்புறம்தான்.

சரி, இங்கே மூடினால் வேலை நின்றுவிடுமா? நாமக்கல் மாவட்டத்தில் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் அனுமதியில்லாத பட்டறைகளை அதிகாரிகள் இடிக்கும் செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் மலிவான கொட்டேஷன் வந்தால் இரண்டு காகிதங்களைக் கேளுங்கள் என்று கிளையண்டுகளிடம் சொல்வேன்: மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க அனுமதி, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பணம் கட்டிய ரசீது. ரசீதில் இருக்கும் தண்ணீரின் அளவும் சாயம் போட்ட துணியின் எடையும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் மீதித் தண்ணீர் எங்கே போனது?

துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளை, அதாவது பையர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர்களுடைய சுற்றுச்சூழல் பிரிவு பக்கம் பக்கமாகக் கேள்வி அனுப்பும். அதே கம்பெனியின் கொள்முதல் பிரிவு பீஸுக்கு நாலு சென்ட் குறைக்கச் சொல்லும். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதாக எனக்குத் தோன்றவில்லை.

பணம் எப்போது வருகிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். பாக்கி இழுத்தால் பட்டறைக்காரர் முதலில் கைவைப்பது சுத்திகரிப்புச் செலவில். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தரவேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டி பாக்கி வைத்தால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அதை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது வந்ததும் சில பெரிய இடங்கள் செய்தது என்ன தெரியுமா? "உங்க உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க, ஆர்டர் தர்றோம்" என்றார்கள். உத்யம் என்பது குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்யும் பதிவு; அது இல்லாவிட்டால் இந்தக் கெடுவைக் கேட்க முடியாது. அப்படி யாராவது கேட்டால் ஒப்புக்கொள்வதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். தாமதமான பணத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்கும் உரிமை அந்தப் பதிவை வைத்துத்தான் இருக்கிறது.